முரண்டு சொன்ன ‘ம்’

அந்த வருஷம் எங்கே திரும்பினாலும் கழுதை முகம்தான். பள்ளிக்கூடப் பையில் கழுதை, தண்ணீர்ப் புட்டியில் கழுதை, செருப்பு வாரில் கழுதை, பல் துலக்குகிற பிரஷ்ஷின் பிடியில்கூடக் காதை நிமிர்த்திக்கொண்டு ஒரு கழுதை. பேருந்தில் முன் இருக்கைக் குழந்தையின் ஜட்டிக்கு மேலே இரண்டு சாம்பல் காதுகள் எட்டிப் பார்த்ததை, பின்னால் உட்கார்ந்திருந்த வேன் டிரைவர் தன் கண்ணாலேயே பார்த்தார். பார்த்ததும், வேண்டாத உறவுக்காரன் எதிரே வந்த மாதிரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உறவுதான். அந்தக் கழுதைக்குக் குரல் அவருடையது.

அவர் தொலைக்காட்சி நிலையத்தில் வேன் ஓட்டுகிறவர். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. பொம்மைப் பெட்டிகளை ஏற்றுவதும் இறக்குவதும்தான் வேலை. குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒரு காக்கை இருந்தது, ஓர் ஆமை இருந்தது, இரண்டும் வாய் ஓயாமல் பேசும். மூன்றாவதாக ஒரு கழுதை. பொம்மை ஆட்டுகிற அம்மாள் தன் பழைய கம்பளிக் கோட்டைக் கிழித்துத் தைத்தது. அதற்குப் பேச்சு கிடையாது, தலையை ஆட்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் பதிவு நடந்துகொண்டிருந்தபோது காக்கை கேட்டது: “கழுதை, கழுதை, என்கூடப் பறக்க வர்றியா?” அதே நேரம் திரைக்குப் பின்னால் டீக்காரர் தட்டை நீட்டி, டிரைவரிடம் வேணுமா என்று சைகை செய்தார். டிரைவர் யார் நீட்டுவதையும் லேசில் வாங்குகிறவர் இல்லை. “ம்ஹூம்” என்றார். மைக் பக்கத்திலேயே இருந்தது. பாய் விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். பொம்மையம்மாள் சட்டென்று கழுதையின் முகத்தைச் சுளிக்க வைத்துவிட்டாள். அவ்வளவுதான், கழுதைக்கு உயிர் வந்துவிட்டது. பேரும் வந்துவிட்டது: முரண்டு.

அதற்குப் பிறகு பதிவு நாளெல்லாம் டிரைவர் கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பாடுறியா? ம்ஹூம். குளிக்கிறியா? ம்ஹூம். மன்னிப்புக் கேக்குறியா? ம்ஹூம். நடிப்பு என்று ஒன்றும் இல்லை. வீட்டில் நாற்பது வருஷமாகச் செய்துவந்ததுதான்.

வீட்டில் அவர் மனைவி முதல் நாள் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கழுதைக்கு வாழ்க்கைப்பட்டு உதைக்குப் பயந்தா முடியுமான்னு என் அம்மா கேட்டப்ப எனக்குப் புரியல. இப்ப ஊரே பாக்குது.”

அவர் ஏன் அப்படி ஆனார் என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இளவயதில், அண்ணன் ஒரு காகிதத்தை நீட்டி, “என்னடா, சரிதானே?” என்று கேட்டபோது ‘ம்’ என்று சொல்லித் தொலைத்தார். அந்த ஓர் எழுத்தில் வீடு போயிற்று. அன்றைக்கு விட்டதுதான். ‘ம்’ என்ற எழுத்து அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

கழுதைக்குப் பேர் கிளம்பினதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பை செய்கிறவன், செருப்பு செய்கிறவன், போர்வை செய்கிறவன். கடைசியாக ஒரு பிஸ்கட்காரர் வந்தார். பெரிய டப்பா பிஸ்கட் வாங்கினால் முரண்டு பொம்மை இலவசம். வயிற்றை அமுக்கினால் பொம்மை பேச வேண்டும். என்ன பேச வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

நிலைய மேனேஜர் டிரைவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடி மேஜை, குளிர் பிடிக்கிற அறை. பிஸ்கட்காரர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பொம்மையம்மாள் சுவரோரம் நின்றாள்.

“பெரியவரே, குழந்தை ‘பிஸ்கட் வேணுமா?’னு கேட்கும். முரண்டு ‘ம்’னு சொல்லணும். உலகத்துல எதுக்குமே ஒத்துக்காத கழுதை எங்க பிஸ்கட்டுக்கு ஒத்துக்குது! எப்படி?” என்றார் பிஸ்கட்காரர்.

“ம்ஹூம்” என்றார் டிரைவர்.

“ஒரே ஒரு எழுத்துங்க. மூச்சு விடுற நேரம்கூட ஆகாது.”

“அப்ப நீங்களே சொல்லிக்குங்களேன்.”

“நாங்க சொன்னா கழுதை மாதிரி இருக்காதே!”

“அது உங்க அடக்கம்.”

மேனேஜர் இருமினார். பொம்மையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் நடைக்கு வந்ததும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. “அண்ணே, நீங்க சொல்லலேன்னா வேற ஆளை வச்சுச் சொல்ல வைப்பாங்க. அப்புறம் நிகழ்ச்சிக்கும் அந்த ஆளுதான். உங்களை வேன் ஓட்டுறதோட நிறுத்திடுவாங்க. எனக்கு இன்னொருத்தர் குரலுக்குக் கழுதையை ஆட்ட வராதுண்ணே.”

“தங்கச்சி, அந்தப் புள்ளைங்களை நாள் பூரா குளி, படி, சாப்பிடு, சும்மா இருன்னு ஆளாளுக்கு விரட்டுறாங்க. மாட்டேன்னு சொல்ல அதுங்களால முடியல. அதுங்களுக்காக மாட்டேன்னு சொல்றது இந்தக் கழுதை ஒண்ணுதான். அது பிஸ்கட்டுக்கு ‘ம்’னு சொன்னா, அப்புறம் அது கழுதை இல்ல, கடைக்காரன்.”

 அவளுக்கும் அது தெரியும். ஆனால் கோட்டு அவளுடையது என்றாலும் கழுதை நிலையத்துடையது.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் தானே வேன் நிற்கிற இடத்துக்கு வந்தார். “சரி பெரியவரே, உங்க இஷ்டம். பொம்மைக்கும் ‘ம்ஹூம்’தான். அதை மட்டும் தெளிவா ஒரு தடவை சொல்லிக் கொடுங்க.”

“வேற எதுவும் சொல்ல மாட்டேன்.”

“வேணவே வேணாம்.”

மேனேஜர் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்ததே டிரைவருக்குப் பிடிக்கவில்லை. பூனை தானாக வந்து காலை நக்கினால் பால் சட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பொம்மையம்மாள் நிம்மதியாகச் சிரித்தாள். அதற்காகப் போய்ச் சொன்னார். ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், கண்ணை மட்டும் வேறெங்கோ வைத்துக்கொண்டு.

பொம்மை மூட்டைகள் வந்தபோது அவற்றை வேனிலிருந்து இறக்கினவரும் டிரைவர்தான். ஒன்றை எடுத்து வயிற்றை அமுக்கினார்.

“ம்” என்றது.

மறுபடி அமுக்கினார். “ம்.” இன்னொரு பொம்மை. அதுவும் “ம்.” ‘ஹூம்’ எங்கே? ஆட்டை வெட்டுகிற மாதிரி தலையை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பை எறிந்துவிட்டார்கள். அவருடைய மாட்டேன் என்ற சொல்லிலிருந்தே சரி என்பதை அறுத்து எடுத்திருக்கிறார்கள்.

அவர் நேரே போய் வேன் சாவியை மேனேஜரின் கண்ணாடி மேஜையில் வைத்தார். ஒரு பொம்மையைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் பேருந்து ஏறினார். எதற்கு எடுத்துக்கொண்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. திருட்டுக்குச் சாட்சி வேண்டாமா?

வீட்டில் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டார். சாப்பிட வாங்க என்றால் ம்ஹூம். டாக்டரிடம் போகலாமா என்றால் ம்ஹூம். “காசு கொடுத்து டிவியில பாக்குறாங்க, எனக்கு வீட்டுலயே ஓசி” என்று மனைவி போய்விட்டாள்.

ஒருநாள் மத்தியானம் அடுப்படியில் பேச்சுக் குரல் கேட்டது. யாரும் வந்த சத்தம் இல்லை. அவர் படுத்தபடியே காதைத் தீட்டினார்.

“நான் தையல் கம்பெனியில இருந்தப்ப ஒரு சூப்பர்வைசர் இருந்தாரு. மேல் பல்லு முழுக்கக் கட்டுப் பல்லு.”

“ம்.”

“எங்களைத் திட்டணும்னா முதல்ல அதைக் கழட்டிக் கையில வச்சுக்குவாரு. திட்டுற வேகத்துல தெறிச்சு விழுந்துடுமேன்னு பயம்.”

“ம்.”

“ஒருநாள் சட்டை அடுக்குற மேஜை மேல பல்லைக் கழட்டி வச்சுட்டு, ஒரு பொண்ணைப் பிடிச்சு ஒரு மூச்சுத் திட்டிட்டுத் திரும்பிப் பாக்குறாரு. பல்லைக் காணோம்!”

“ம்.”

டிரைவர் மெதுவாக எழுந்து கதவோரம் வந்தார். மனைவி முழங்காலில் காய்த் தட்டையும், கை இடுக்கில் கழுதையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் பேச்சை நிறுத்தும்போது முழங்கையால் அதன் வயிற்றை ஓர் இடி இடித்தாள்.

அவரைப் பார்த்ததும் அவள் வெட்கப்படவில்லை. “என்ன பாக்குறீங்க? நாப்பது வருஷமா இந்த வீட்டுல நான் பேசினதுக்கு இப்பத்தான் ஒண்ணு உம் கொட்டுது.”

“அது உம் கொட்டல. பிஸ்கட் வேணும்னு சொல்லுது. என் குரலைத் திருடி—”

“காதுல என்ன பஞ்சா? ஆமான்னு சொல்ற ‘ம்’மா இது? ஆமான்னா குரல் ஏறி இறங்காது? இது சும்மா மேல சொல்லு, மேல சொல்லுன்னு போகுது.”

அவர் கையை நீட்டி ஒருமுறை அமுக்கினார். “ம்.” அவள் சொல்வது சரிதான். மாட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் மனுஷன் மூச்சைக் கூட்டிக்கொள்கிற ‘ம்’ அது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. திண்டில் சாய்ந்து கதை கேட்கிறவன் கொட்டுகிற ‘ம்.’

“சரி, பல்லு எங்க போச்சு?” என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் கதவு தட்டப்பட்டது. பொம்மையம்மாள் நின்றிருந்தாள், மூச்சு வாங்க, ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக.

“அண்ணே, கூத்தைக் கேட்டீங்களா? டப்பா டப்பாவா விக்குது. பிஸ்கட்டை நாய்க்குப் போட்டுட்டுப் பொம்மையை மட்டும் எடுத்துக்குறாங்க. பஸ்ல, மாடிப்படியில, எங்க பாத்தாலும் ஒவ்வொரு குழந்தையும் கழுதையை மடியில வச்சுக் கதை சொல்லிட்டிருக்கு. கழுதை ஆமான்னு சொல்லுதுன்னு ஒண்ணுகூட நினைக்கல. ‘முரண்டு கதை கேக்குது’ன்னுதான் சொல்லுதுங்க.”

“பிஸ்கட்காரர்?”

“குதிக்கிறாரு. ‘வேணும்னு சொல்லச் சொன்னா உம் கொட்டுதே’னு மேனேஜரைப் பிடிச்சு உலுக்கிட்டாரு. ஒலிப்பதிவுக்காரர் அன்னிக்கே சொன்னாராம், இது ஒத்துக்குற ‘ம்’ இல்லேன்னு. யார் கேட்டா?”

“உன்னை எதுக்கு அனுப்பினாங்க? அதைச் சொல்லு.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “நிகழ்ச்சிக்கு ஒரு ஆளை வச்சுப் பாத்தாங்க. படிச்ச குரல். முதல் ‘ம்ஹூம்’லயே பாயில இருந்த புள்ளைங்க எந்திரிச்சு நின்னு, ‘இது முரண்டு இல்ல, முரண்டைக் கூப்பிடு’ன்னு கத்திடுச்சுங்க. பதிவே நின்னு போச்சு. அதனால நிகழ்ச்சிக்கு நீங்கதான், அதுல மாத்தமில்ல. ஆனா பொம்மைக்கு நிஜமாவே ஒரு ஏறி இறங்குற ‘ம்’ சொல்லித் தரணுமாம். கேக்கச் சொன்னாங்க, கேட்டுட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சொல்லிடாதீங்கண்ணே.”

“ம்ஹூம்.”

“நாளைக்குப் பதிவு. வேன் சாவி அந்த மேஜை மேலேயே கிடக்கு. யாரும் தொடல. வருவீங்கல்ல?”

“ம்ஹூம்.”

பொம்மையம்மாள் முகம் வாடியது. உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: “வருவாரும்மா. காலையிலேயே காக்கிச் சட்டையைத் தானே துவைச்சுக் காயப் போட்டுட்டாரு. நீ கவலைப்படாமப் போ.”

அவள் போன பிறகு டிரைவர் அடுப்படிக்குள் வந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்றார். பிறகு தரையிலேயே உட்கார்ந்தார், சுவருக்குச் சாய்ந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. மனைவி விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள், கழுதையைப் பார்த்து.

“சூப்பர்வைசர் ஒவ்வொருத்தி பையா உதறச் சொன்னாரு. பல்லு இல்லாம அவர் சொன்னது ஒருத்திக்கும் புரியல.”

முழங்கையால் இடித்தாள். சத்தம் வரவில்லை. இன்னொரு இடி. கழுதையின் வயிற்றில் ஏதோ கரகரத்து அடங்கியது. ஓயாமல் கேட்டுக் கேட்டுப் பேட்டரி தீர்ந்துவிட்டது.

அவள் கழுதையைத் திருப்பிப் பார்த்தாள். உலுக்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வைத்துவிட்டுக் காயை நறுக்கத் தொடங்கினாள். கதையை விட்டுவிட்டாள். கத்தி பலகையில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“ம்” என்றார் டிரைவர்.

கத்தி நின்றது. அவள் தலையைத் தூக்கி முதலில் பொம்மையைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“இது எந்த ‘ம்’?”

“அந்தப் பல்லு கிடைச்சுதா இல்லையா? சொல்லித் தொலையேன்.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.

“அதுக்குள்ள அந்தச் சட்டை மூட்டையைத் தைச்சுக் கட்டிக் கப்பல்ல ஏத்திட்டாங்க” என்றாள்.

“ம்.”