ஞாயிற்றுக்கிழமை லைன்

சோதனையை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொன்னவள் றொஷானியேதான். வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. கிழமை நாட்களில் கரையில் ஐஸ் உடைக்கிற மெசின் ஓடும், கரண்ட் ஏறி இறங்கும். ஞாயிறென்றால் அவளுடைய ஊரான சுருவிலில் ஒருத்தரும் கடலுக்குப் போவதில்லை, மெசினும் ஓடாது, ஊர் அமைதியாகக் கிடக்கும் என்று அவள் நினைத்தாள். பிறந்ததிலிருந்து அதே ஊரில் சோறு தின்கிறவள் நினைத்த நினைப்பு அது!

அவளுக்கு வேலை ஒரு பொது பிளாக்செயின் வலையமைப்பில். அதற்கு முதலாளியும் கிடையாது, தலைமைக் கந்தோரும் கிடையாது. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பதிவின் பிரதியை வைத்திருக்கின்றன. சில விநாடிக்கு ஒருதரம் புதிய கொடுக்கல் வாங்கல்கள் ஒரு கட்டாக வந்து சேரும்; அந்தக் கட்டுக்குத்தான் பிளாக் என்று பெயர். எல்லாக் கணினிகளும் அதைத் தாங்களே சரிபார்க்க வேண்டும், அடுத்தவன் சொல்வதை நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. அப்படிச் சரிபார்க்கிற மென்பொருள்களில் ஒன்றை எழுதுகிற குழுவில் றொஷானியும் ஒருத்தி. மற்றவர்கள் நாலா திசையிலும் இருந்தார்கள். இவள் குசினிக்குப் பக்கத்து அறையில், அரைவிலைக்கு வாங்கிய பழைய கணினியோடு இருந்தாள்.

வலையைப் பாவிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள், பிளாக்கைப் பெரிதாக்க வேண்டும் என்று எல்லாப் பக்கமும் ஒரே நெருக்கடி. பெரிதாக்கலாம்தான். ஆனால் அடுத்த பிளாக் வருமுன் இதைச் சரிபார்த்து முடிக்கச் சின்னக் கணினிகளால் ஏலுமா? ஏலாவிட்டால், விலைகூடின கணினி வைத்திருப்பவர்கள் இருங்கள், மற்றவர்கள் எழும்பிப் போங்கள் என்று சொல்லிவிடுவது குழுவுக்குச் சுலபம். அப்படிச் செய்தால் இது பொது வலை இல்லை, பணக்காரரின் சங்கம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை பிடித்தாள் றொஷானி. சண்டையோடு நிற்கவும் இல்லை. மாதக்கணக்காக அந்த மென்பொருளைப் பிடித்து உலுப்பினாள். தேவைப்படும் தரவுகளை முன்கூட்டியே எடுத்து வைக்கப் பண்ணினாள், ஒன்றோடொன்று தொடர்பில்லாதவற்றை ஒரே நேரத்தில் சரிபார்க்கப் பண்ணினாள். அந்தப் பழைய கணினி பறந்தது.

கடைசியில் குழுத்தலைவி இறங்கி வந்தாள். “சரி, உங்கள் வீட்டுக் கணினியே சாட்சியாக இருக்கட்டும். சோதனைக்கென்று தனியாக இருக்கிற வலையில் பெரிய பிளாக்குகளை விடுவோம். அது தாக்குப்பிடித்தால் சின்னக் கணினிகளை வைத்துக்கொண்டே பெரிதாக்குவோம். விழுந்தால் உங்கள் வாதமும் விழுந்தது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தாள் றொஷானி. ஒரு பிளாக் நேரத்துக்குள் முடிந்தால் திரையில் பச்சை விழும், பிந்தினால் சிவப்பு. பச்சை விழ வேண்டிய இடமெல்லாம் சிவப்பாக விழுந்தது. தேடிப் பார்த்தால், சரிபார்ப்பில் ஒரு குறையும் இல்லை. பிளாக் வீட்டுக்கு வந்து சேருவதுதான் பிந்தியது. கிழமை நாட்களில் இப்படி நடந்ததே இல்லை. ஒன்றும் விளங்காமல் வாசல் படலையடிக்கு வந்து ஒழுங்கையை எட்டிப் பார்த்தாள்.

எதிர்வீட்டு யாக்கோப்பு அண்ணை பாரிஸிலிருக்கிற மகளுக்கு நண்டுக்கறிச் சட்டியைப் போனில் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கத்தரீனா அக்கா சுவிசோடு. மதிலடியில் இருந்த பெடியள் போனில் ஆளுக்கொரு படம். அவளுடைய அண்ணன் டெனிஸ்ரன் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டியபடி கனடாவோடு. ஊருக்கே ஒரு டவர். றொஷானியின் கணினிக்கு லைன் வருவதும் அதிலிருந்துதான்.

“அண்ணை, ஞாயிறெண்டா எல்லாரும் இப்பிடியோ?”

“பின்னை? கடலுக்கும் போறேல்லை. பூசை, சோறு, போன். நீதான் அறைக்குள்ளை இருக்கிறாய், உனக்கெங்கை தெரியும்?”

றொஷானிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. குழுத்தலைவி பொல்லாதவள் இல்லை. அடுத்த ஞாயிறு வரை தவணை கொடுத்தாள். ஆனால் ஞாயிறை விட்டு வேறு கிழமைக்கு மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை.

தங்கச்சி முகம் தொங்கித் திரிவதை டெனிஸ்ரனால் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை. அவளுக்குச் சொல்லாமல் பங்குத் தந்தையான சுவாமியிடம் போய்விட்டான். வியாழக்கிழமை பின்னேரம் கோயில் ஒலிபெருக்கி முழங்கியது: வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் யாரும் போன் பாவிக்க வேண்டாம், எங்கள் றொஷானிக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஊர் ஒரே மனதாக ஓம் என்றது. தபசுகாலத்தில் இறைச்சியை விடுகிற சனத்துக்கு ஒரு மணித்தியாலம் போனை விடுவது பெரிய காரியமா என்ன?

கேட்டதும் றொஷானிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரும் தனக்காக வாயைக் கட்டப்போகிறார்களே என்று நினைக்க ஆசையாகவும் இருந்தது. பேசாமல் விட்டால் சோதனை தேறிவிடும், வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது. அறைக்கும் குசினிக்குமாக நடந்து யோசித்தாள். பிறகு அண்ணனைத் தேடிப் போனாள்.

“அது சரிவராது, அண்ணை.”

“ஏனடி? ஊரே ஓமெண்டிட்டுது.”

“ஊர் வாயை மூடினாத்தான் ஓடுமெண்டா, அது ஓடேல்லையெண்டுதான் அர்த்தம். இதே மாதிரி எத்தினை ஊரிலை எத்தினை வீடு இருக்கு? அங்கையெல்லாம் ஆர் போனை வைக்கப் போயினம்?”

“அப்ப விழுந்துபோகுமே, தங்கச்சி!”

“விழுந்தா விழட்டும்.”

வீறாப்பாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தவள், கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள்.

அடுத்தநாள் பின்னேரம் ஜெனீற்றா சின்னம்மா ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தா. றொஷானியின் தாய் அந்தோனியம்மா ஒரு கையில் அகப்பையோடும் மறுகையில் போனோடும் குசினிக்குள் நின்றா. சின்னம்மா அங்கே நடந்த கலியாண வீட்டுக் கதையை விடியக்காலையிலிருந்து தொடங்கினா.

“உதெல்லாம் டெனிஸ்ரன் சொல்லிப்போட்டான். கத்தரீனாவும் வந்து சொன்னவள். எனக்குத் தெரியாததை மட்டும் சொல்லு, கறி அடுப்பிலை.”

“ஆர் ஆர் வந்தவையெண்டு?”

“தெரியும்.”

“பொம்பிளையின்ர நெக்லஸ்?”

“தெரியும்.”

“கேக் சரிஞ்சு மாப்பிளையின்ர கோட்டிலை விழுந்தது?”

“ஐயோ, அது தெரியாது! சொல்லு, சொல்லு!”

கறி கொதிக்குமுன் கதை முடிந்துவிட்டது. அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்த றொஷானி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். ஒரு பிளாக்கில் இருக்கிற கொடுக்கல் வாங்கல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே ஒன்றொன்றாக அவளுடைய கணினிக்கு வந்து நினைவில் கிடக்கும். பிறகு பிளாக் வரும்போது அவ்வளவும் திரும்ப முழுசாக வரும். வீட்டில் இருக்கிற சாமானையே இரண்டாந்தரம் கடையில் வாங்குகிற வேலை. பிளாக்கில் எதெது இருக்கிறது என்ற சிறு குறிப்பு மட்டும் வந்தால் போதாதா? இல்லாததை மட்டும் கேட்டு எடுத்தால் போதாதா? இது உலகம் அறியாத புதுமை ஒன்றும் இல்லை. சரிபார்க்கிற வேகத்தைத் துரத்திக்கொண்டு இருந்ததில், பிளாக் வருகிற வழியை அவளும் பார்க்கவில்லை, குழுவும் பார்க்கவில்லை.

எழுதினாள். தாய் கொண்டுவந்து வைத்த சோறு ஆறிப்போக, எழுதிக்கொண்டே இருந்தாள். குழுவில் ஒருத்தர் பிழை பிடித்தார், திருத்தினாள். சனிக்கிழமை சோதனை வலையிலுள்ள எல்லாக் கணினிகளும் புதிய பதிப்புக்கு மாறின. அதே கையோடு சுவாமியிடம் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சுவாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஞாயிறு பூசை முடிவில் அவரே அறிவித்தார். “வியாழக்கிழமை சொன்னதைத் திருப்பி எடுக்கிறன். றொஷானி சொல்லுறா, எல்லாரும் போன் கதைக்க வேணுமாம். குறைவில்லாமல் கதையுங்கோ.”

பிறகு கேட்கவா வேண்டும்! சுருவில் அன்றைக்குக் கதைத்தது மாதிரி என்றைக்கும் கதைக்கவில்லை. யாக்கோப்பு அண்ணை மகளை வைத்துவிட்டு மருமகனுக்கு எடுத்தார், மருமகனை வைத்துவிட்டு சம்பந்திக்கு எடுத்தார். வருசக்கணக்காகத் தம்பியோடு கோபமாயிருந்த கத்தரீனா அக்கா, “சுவாமி சொன்னவர், அதுதான் எடுத்தனான்” என்று தொடங்கினா, இரண்டு பக்கமும் அழுது முடித்தார்கள். படங்கள் நின்று நின்று வந்தன. “கேக்குதோ? கேக்குதோ?” என்ற சத்தம் ஒழுங்கை முழுக்க.

அறைக்குள் றொஷானி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பிளாக் வந்தது. பச்சை. அடுத்தது பச்சை. பிறகும் பச்சை. ஒன்று கொஞ்சம் இழுத்தது, அவளுடைய உயிரும் கூடவே இழுபட்டது, அதுவும் பச்சை. நெரிசல் கூடக் கூடப் பச்சையாகவே விழுந்தது.

குழுத்தலைவி வீடியோவில் வந்தாள். வாயைத் திறந்தாள். அப்படியே உறைந்து நின்றாள்.

“ஆர் உது, வாயைத் திறந்தபடி நிக்கிறா?” என்று அந்தோனியம்மா எட்டிப் பார்த்தா.

“எங்கட தலைவி, அம்மா. எனக்கு என்னவோ சொல்லுறா.”

“ஒண்டும் கேக்கேல்லையே?”

“கேக்காது. ஊரிலை லைன் இல்லை.”

தலைவி உறைந்தபடியே நிற்க, பக்கத்தில் பிளாக்குகள் வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் எழுத்தில் ஒரு வரி வந்து சேர்ந்தது. “சின்னக் கணினிகளும் இருக்கட்டும், பிளாக்கைப் பெரிதாக்குகிறோம்.”

றொஷானி செருப்பையும் போடாமல் படலைக்கு ஓடினாள். அவளுடைய கண்ணைக் கண்டதும் டெனிஸ்ரன் பதறிப்போய் எழும்பினான்.

“என்னடி, விழுந்திட்டுதோ?”

இல்லையென்று தலையாட்டினாள். வாயெல்லாம் பல், முகமெல்லாம் கண்ணீர்.

“வெண்டிட்டமோ! அப்ப போனை வைக்கட்டோ?”

“வைக்காதேங்கோ, அண்ணை” என்றாள் றொஷானி. “இனி எந்த ஞாயிறும் ஆசைதீரக் கதையுங்கோ.”