மோனப்பா போனதும் நின்ற எண்ணெய்

எங்கள் களசா ஜீப் ஸ்டாண்டில் வண்டி யாருடையதாக இருந்தாலும் சரி, எண்ணெய் சொட்டினால் பழி ஓட்டுகிறவன் தலையில்தான். மலைக்குப் போகும் வழியில் வனத்துறை கேட்டில் வண்டிக்கு அடியில் அட்டை போட்டுப் பார்ப்பார்கள். கறை விழுந்தால் திரும்பி வர வேண்டியதுதான். ஜூலையில் எங்கள் பழைய டீசல் ஜீப் மூன்று முறை திரும்பி வந்தது. பதினோரு வருடம் அதை ஓட்டிய மோனப்பாவை என் அண்ணன் தரணேந்திரா எல்லார் முன்னாலும் இறக்கிவிட்டான்.

"எஞ்சின முறுக்கு முறுக்குனு முறுக்கி ஆயில் சீலையே பிச்சுட்டான், மாராயா" என்று ஸ்டாண்டு முழுக்கச் சொன்னான். அதற்குப் பிறகு மோனப்பாவிடம் யாரும் சாவி கொடுக்கவில்லை. அவர் யாரோ ஒருவருடைய பாக்குத் தோட்டத்தில் களை பிடுங்கப் போய்விட்டார்.

செப்டம்பரில், அதுவரை ஓடாமல் நின்ற வண்டிக்கு அடியில் நானே படுத்தேன். எஞ்சின் என்றால் எனக்குப் பைத்தியம். டீசல் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். காய்ந்ததும் முகப் பவுடரைத் தூவி, பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்று இடத்தில் பவுடர் நனைந்திருந்தது. மேலே டாப்பெட் கவர், முன்னால் புல்லி பக்கம், பின்னால் கியர்பாக்ஸ் சேருமிடம். ஒரு சீல் போகலாம். மூன்றும் ஒன்றாகப் போகுமா?

ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தேன். லேசாகப் புகைய வேண்டியது, முகத்தில் எண்ணெயாக அடித்தது. அளவுக்கம்பி தானாகவே எழும்பி நின்றது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, வெளியேற வழி இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்தக் காற்று வெளியேறும் பிரீதர் குழாயின் வாயில் விரலை விட்டேன். துணி. குறடால் இழுத்தால் மஞ்சள் நிறத்தில் வந்தது. என் பழைய வாலிபால் பனியன்.

மழைக்காலத்தில் ஓடையில் இறங்கும் முன் தண்ணீர் புகாமலிருக்க அந்தக் குழாயை அடைப்போம். அக்கரை ஏறியதும் உருவ வேண்டியது இடது சீட்டில் இருப்பவன் வேலை. ஜூனில் இடது சீட்டில் நான் இருந்தேன். அக்கரை ஏறியதும் சவாரி வந்த பெங்களூர்க்காரர்கள் குஷியில் கூச்சல் போட்டார்கள். நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

மேலே கேஸ்கட் ஒன்று, முன் சீல் ஒன்று மாற்றினேன். அழுத்தம் போனதும் பின்னால் கசிவு தானாக நின்றது.

அண்ணனிடம் சொன்னேன். "மோனப்பண்ணா மேல தப்பே இல்ல. நான்தான்."

"வாய மூடு. ஊர் முன்னாடி எறக்குனது நான். என் தம்பி துணிய மறந்துட்டான்னு இப்ப போய் மைக் போட்டுச் சொல்லவா? நாளையிலருந்து நீ ஓட்டு."

ஓட்டினேன். கேட்டில் அட்டை சுத்தமாக இருந்தது. ஸ்டாண்டுத் தலைவர் கொரகப்பா தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா? மோனப்பா எறங்குனான், எண்ணெய் நின்னுச்சு!" நான் எத்தனை டிரிப் அடித்தேனோ அத்தனை முறையும் அதையே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மோனப்பா வந்தார். ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்குக் கேட்டேனே, உருவிட்டியாடான்னு. உருவியாச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன்ண்ணா."

"எங்கிட்ட சொல்லி என்ன? அங்க சொல்லு."

அவரையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள், அண்ணனும் இருந்தான். சத்தமாகவே சொன்னேன். எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் சிரித்தான்.

"எங்க அம்மா மாதிரி இவனுக்கு எளகின மனசு. மோனப்பாவப் பாத்ததும் பழியத் தன் தலையில ஏத்துக்குறான்."

"சம்பளம் வாங்காத வக்கீல்டா நீ!" என்றார் கொரகப்பா. கடையே சிரித்தது.

"சத்தியமா மாராயா, நான்தான்!"

"சரிப்பா, சரி. டீ குடி."

திரும்பிப் பார்த்தபோது மோனப்பா ரோட்டைக் கடந்துவிட்டிருந்தார். கூப்பிட்டேன். நிற்கவில்லை.

அண்ணன் சாவியை என் கையில் வைத்து அழுத்தினான். "ஆறு பேர் காத்திருக்காங்க. எடு வண்டிய."

எடுத்தேன்.