குப்பைக் குழியின் மேல் ஒரு மைதானம்

மெல்பேர்னின் மேற்குப் புறத்தில், ரயில் பாதையை ஒட்டி, கருங்கல் உடைத்த பழைய குழி ஒன்று இருந்தது. கல் தீர்ந்த பிறகு நகரசபை அதில் வருடக்கணக்காகக் குப்பை கொட்டி, மேலே மண் போட்டு மூடிவிட்டது. 1975ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்த இடத்தை உள்ளூர் பேஸ்பால் கழகத்துக்குக் கொடுப்பதென்று முடிவானது. மைதானத்தை வரையும் வேலை தேவராஜாவின் மேசைக்கு வந்தது.

தேவராஜா அதுவரை பேஸ்பால் விளையாட்டைப் பார்த்ததே இல்லை.

இலங்கையில் அவர் நீர்ப்பாசன இலாகாவில் எஞ்சினியராக இருந்தவர். குளக்கட்டு, மதகு, வாய்க்கால் என்று பதினாறு வருடம். இங்கே அவருடைய பட்டத்தை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் நகரசபை எஞ்சினியரின் அலுவலகத்தில் படம் வரைபவராகச் சேர்ந்திருந்தார். அவர் வரைவார், கீழே வேறொருவர் கையெழுத்துப் போடுவார். ஆரம்பத்தில் அது உறுத்தியது. போகப் போக, உறுத்துவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

மனைவி யோகராணி யாழ்ப்பாணத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ். இங்கே ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைதான் கிடைத்தது. தேவராஜா அலுவலகத்திலிருந்து வரும் நேரம் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்குவாள். பாதி நாட்கள் இருவரும் பேசிக்கொள்வது அந்த அடுக்குமாடிப் படிக்கட்டில்தான்.

"கறி அடுப்பிலை இருக்கு. சோறு நீங்கள்தான் போடவேணும்."

"ஓம். கவனமாப் போயிட்டு வாரும்."

கழகத்தின் தலைவர் லெஸ் ஹாலொரன், ரயில்வே பட்டறையில் எஞ்சின்களுக்குக் கொதிகலன் செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வருடங்கள். போர்க்காலத்தில் மெல்பேர்னில் முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் பேஸ்பால் பழகியவர். அன்றிலிருந்து அவருக்கு வேறு விளையாட்டே கிடையாது. முதல் நாள் அலுவலகத்துக்கு வந்தவர், ஓர் அமெரிக்கச் சஞ்சிகையிலிருந்து கிழித்த மைதானப் படத்தை மேசையில் விரித்தார்.

"எங்களுக்கென்று ஒரு மைதானம் இருந்ததே இல்லை, தேவ். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்களின் புல்லில் ஒரு மூலையில் விளையாடுவோம். வசந்தம் வந்ததும், புல்லைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். அடுத்த வருஷம் வேறு இடம் தேடுவோம். இப்படியே போய்விட்டது முப்பது வருஷம்."

"இந்தப் படத்தில் இருப்பது போலவேதான் வேண்டுமா?"

"அப்படியே வேண்டும். கேலரியோடு."

கேலரி ஏற்கனவே கையில் இருந்தது. நாட்டுப்புறத்தில் மூடிப்போன குதிரைப் பந்தயத் திடல் ஒன்றின் மரக் கேலரியை லெஸ்ஸும் அவருடைய ஆட்களும் வார இறுதிகளில் போய்ப் பலகை பலகையாகக் கழற்றி, லொறியில் ஏற்றிவந்து, குழியின் ஓரத்தில் அடுக்கித் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். தேவராஜா போய்ப் பார்த்தார். நல்ல மரம். தட்டினால் கணீரென்றது.

ஒரு சனிக்கிழமை, யோகராணி வேலைக்குப் போனபிறகு, அவர் ட்ராம் ஏறி நகரத்துப் பெரிய நூலகத்துக்குப் போனார். தெரியாத ஒன்றை எப்படி வரைவது? பழைய அமெரிக்க மைதானங்களைப் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள் கிடைத்தன. உட்கார்ந்து வாசிக்க வாசிக்க அவருக்குத் தூக்கம் கலைந்தது.

முதலில் அந்த மைதானங்களுக்கு வேலியே இருக்கவில்லை. காசு கொடுக்காதவர்களை வெளியே நிறுத்தத்தான் வேலி வந்தது. பிறகு மரக் கேலரிகள் வந்தன. அவை அடிக்கடி எரிந்தன. பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுந்த கடதாசியும் கச்சான் கடலைக் கோதும் குவிந்துகிடக்கும். அதில் யாரோ போட்ட சுருட்டுத் துண்டு போதும். எரிந்ததும் மறுபடியும் மரத்திலேயே கட்டினார்கள். இரும்புக்கும் கொங்கிரீட்டுக்கும் அவர்கள் வந்து சேர நெடுங்காலம் ஆனது. மைதானத்தின் வடிவத்தையும் யாரும் யோசித்துத் தீர்மானிக்கவில்லை. தெருக்களுக்கு நடுவே கிடைத்த காணிக்குள் அடக்கினார்கள். ஒரு பக்கம் நீண்டு கிடக்கும், மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் மதில் நிற்கும்.

இன்னொன்றையும் கவனித்தார். பந்தை அடிப்பவன் வடகிழக்கைப் பார்த்து நிற்கிறான். பின்னேர வெயில் அவன் கண்ணிலும் கேலரியில் இருப்பவர்கள் கண்ணிலும் படாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அது அமெரிக்காவின் சூரியன். இங்கே குளிர்காலத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகத் தாழ்ந்து போகிறது. லெஸ்ஸின் படத்தை அப்படியே வைத்தால் மத்தியானம் முழுக்கக் கண் கூசும்.

திங்கட்கிழமை அதைச் சொன்னபோது லெஸ் சிரித்தார். "அமெரிக்கர்களுக்கே பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறாயா?"

தேவராஜா வற்புறுத்தவில்லை. அவரைக் கவலைப்படுத்தியது வேறு. குழியின் தென்மேற்கு மூலையில், கேலரி நிற்கவேண்டிய இடத்தில், புல் வட்டம் வட்டமாகச் செத்துக் கிடந்தது. மண்ணைக் கிளறினால் அழுகல் வாடை வந்தது. நகரசபை எஞ்சினியர் வார்டிலிடம் போய், அங்கே எதையும் கட்டுவதற்கு முன் குப்பை அழுகி எரிவாயு சேர்ந்திருக்கிறதா என்று சோதிக்கவேண்டும் என்றார்.

"மூடி மூன்று வருஷமாகிவிட்டது. இப்போது அது வெறும் மண்," என்றார் வார்டில். "வசந்தத்துக்கு முன் திறக்கவேண்டும். நீங்கள் படத்தை முடியுங்கள்."

தேவராஜா திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தார். பென்சிலைச் சீவினார். இன்னொரு தடவை போய்ச் சொல்லலாம். அவருக்கு எழும்ப மனம் வரவில்லை.

அடுத்த வாரம் கழகத்து ஆட்கள் தூண்களுக்குக் குழி தோண்டத் தொடங்கினார்கள். தேவராஜா அளவு பார்க்கப் போயிருந்தார். லெஸ் ஒரு குழியின் ஓரத்தில் குந்தியிருந்து சிகரெட் பற்றவைக்கத் தீக்குச்சியை உரசினார்.

"லெஸ், வேண்டாம்!"

குழிக்குள்ளிருந்து நீலச் சுவாலை ஒன்று மூச்சுவிட்டதுபோல எழுந்து அடங்கியது. லெஸ் பின்பக்கமாக விழுந்தார். புருவமும் முன்மயிரும் கருகிவிட்டன. வலது கை சிவந்து தோல் உரிந்திருந்தது. தேவராஜா தன் கோட்டை எறிந்துவிட்டு, தேநீருக்குக் கொண்டுவந்த வாளித் தண்ணீரில் அந்தக் கையை அமிழ்த்திப் பிடித்தார். 

வார்டில் உடனே வேலையை நிறுத்தினார். இரண்டு நாளில் முடிவும் சொன்னார். கேலரி கிடையாது. புல் போட்டு ஒரு தகரக் கொட்டகை வைத்தால் போதும். மரத்தை விறகுக்கு விற்றுவிடலாம்.

அன்றைக்கு யோகராணி பகல் வேலை முடிந்து வந்தபோது தேவராஜா குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"உங்கடை பந்து விளையாட்டுக் கிழவன் இண்டைக்குக் கட்டு மாத்த வந்தவர்," என்றாள் அவள் சப்பாத்தைக் கழற்றியபடி. "சட்டையிலை குத்தியிருந்த 'மிஸிஸ் தேவராஜா' எண்ட பேரைப் பாத்திட்டு, நீ தேவின்ரை மனிசியோ எண்டு கேட்டவர்."

"என்ன சொன்னவர்?"

"உங்களைத்தான் ஏசினவர். வாயு எண்டு நீங்கள் வாயைத் திறந்ததாலைதான் கேலரி போச்சுதாம்."

"நான் வாயைத் திறந்தது காணாது, யோகா. இன்னும் உரத்துச் சொல்லியிருக்கவேணும். ஒருக்காச் சொல்லிப்போட்டு வந்து இருந்திட்டன். களைப்பாய் இருந்தது."

யோகராணி சப்பாத்துகளை ஓரமாக வைத்தாள். கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

"அந்த மனிசனைக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் வரேல்லை. கட்டின கையோடை மழைக்குள்ளை பஸ்ஸுக்கு நிண்டவர். நான் வேலை முடிஞ்சு வெளிக்கிடேக்கையும் அதிலைதான் நிண்டவர்." பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அதை வேறை எங்கையும் வைக்கேலாதே?"

"எதை?"

"கேலரியை."

சனிக்கிழமை தேவராஜா ஒரு நீண்ட இரும்புக் கம்பியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தனியே குழிக்குப் போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஓரமாக நடந்து, சில அடிகளுக்கு ஒருமுறை கம்பியை ஊன்றி அடித்தார். எல்லா இடமும் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. தோள் வலித்தது. போதும், வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று நினைத்தபடி வடமேற்கு மூலைக்கு வந்தார். அங்கே கம்பி சற்று இறங்கியதும் டங்கென்று நின்றது. தள்ளி அடித்தார். அங்கும் டங்கென்றது. உடைக்காமல் விட்ட பாறை விளிம்பு அது. குப்பையும் இல்லை, வாயுவும் இல்லை. ஒரு கேலரி நிற்கப் போதுமான அகலம் இருந்தது.

அவர் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கேலரி இங்கே நின்றால் அடிப்பவன் தென்கிழக்கைப் பார்ப்பான். சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரேயொரு குறைதான். வலது பக்கத்தில் மைதானம் ரயில் பாதையில் முட்டி, சிறுத்துப்போகும்.

அன்றே லெஸ்ஸின் வீட்டுக்குப் போனார். லெஸ் கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லாமல் நின்றார். புருவமில்லாத முகம் விசித்திரமாக இருந்தது.

"கேலரிக்கு இடம் இருக்கிறது," என்றார் தேவராஜா.

குசினி மேசையில் படத்தை விரித்துக் காட்டினார். லெஸ் இடது கையால் அளவுகளைத் தடவிப் பார்த்தார்.

"வலது பக்கம் இவ்வளவு கிட்டவா? சும்மா தட்டினாலே பந்து ரயிலில் ஏறிவிடும். எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்."

"பழைய அமெரிக்க மைதானங்கள் எல்லாம் இப்படித்தான், லெஸ். கிடைத்த காணிக்குள் கட்டியவை. கிட்டவாக இருக்கும் பக்கத்தில் வேலியை உயர்த்தினார்கள். நாங்களும் உயரமாகக் கம்பிவலை போடுவோம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நூலகத்தில் படித்தேன்."

"எனக்காகவா படித்தாய்?"

தேவராஜா படத்தின் மடிந்த ஓரத்தை நீவிவிட்டார். "எதையாவது கட்டி நிறைய நாளாகிவிட்டது," என்றார்.

லெஸ் எழுந்து கேத்திலில் தண்ணீர் நிரப்பினார். ஒற்றைக் கையால் அது சிரமமாக இருந்தது. தேவராஜா போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

வார்டிலைச் சம்மதிக்கவைக்க ஒரு மாதம் பிடித்தது. இந்தமுறை தேவராஜா ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. இல்லை என்ற ஒவ்வொரு தரமும் மறுநாள் மறுபடி போய் நின்றார். கடைசியில் வார்டில் தானே கம்பியை வாங்கிப் பாறையில் அடித்துப் பார்த்தார். படிகளின் கீழே குப்பை சேராமலும் காற்று ஓடும்படியும், அடிப்பக்கத்தைத் திறந்தே விடவேண்டும் என்று தேவராஜா வரைந்திருந்தார். வார்டில் அதற்குக் கையெழுத்துப் போட்டார்.

குளிர்காலம் முழுவதும் வேலை நடந்தது. விடுமுறை நாட்களில் தேவராஜாவும் போனார். யாரும் கூப்பிடவில்லை. லெஸ்ஸின் கை முழுதாக மடங்கவில்லை, ஆகவே ஒருவர் பிடிக்க மற்றவர் ஆணி அடித்தார்.

வசந்தத்தில் மைதானத்தைத் திறந்தார்கள். நகரசபைத் தலைவர் வார்டிலின் தொலைநோக்கைப் புகழ்ந்து பேசினார். தேவராஜாவின் பெயர் வரவில்லை. லெஸ் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து, கடைசிப் படியில் அவருக்கும் யோகராணிக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் தொடங்கியது. வெயில் கேலரிக்குப் பின்னால் இருந்தது. ஒரு பந்து வலைக்கு மேலாகப் பறந்து தண்டவாளத்தில் விழுந்தபோது எல்லோரும் எழுந்து கத்தினார்கள்.

"என்ன நடந்தது?" என்று யோகராணி கேட்டாள்.

"எனக்கும் வடிவாத் தெரியாது. நல்லதுதான் போலை."

அடுத்த வருடம் மே மாத மழையோடு மைதானத்தின் தூரப்பகுதி இறங்கத் தொடங்கியது. கீழே குப்பை மக்கியதால் மேலே மண் பள்ளமாகித் தண்ணீர் நின்றது. இரண்டு வாத்துகள் வந்து நீந்தின. லெஸ் தொலைபேசியில் கூப்பிட, தேவராஜா நிலமட்டம் பார்க்கும் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். கேலரி அசையவில்லை. மற்றதெல்லாம் இறங்கியிருந்தது.

"இன்னும் எவ்வளவு காலத்துக்கு இப்படி இறங்கும்?" என்று லெஸ் கேட்டார்.

"பத்து வருஷம். இருபதும் ஆகலாம்."

லெஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு அறுபத்திரண்டு, தேவ்."

தேவராஜா கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவருக்கும் முதுகு வலித்தது.  

"சரி," என்றார் லெஸ் பிறகு. "நல்ல மண் எங்கே கிடைக்கும்?"

"வடக்கே புதிதாக வீடு கட்டுகிறார்கள். தோண்டிய மண்ணைச் சும்மா தருவார்கள். நான் கேட்டுப் பார்க்கிறேன்."

சனிக்கிழமை காலை முதல் லொறி வந்தது. வாத்துகள் எழும்பி ரயில் பாதைக்கு அப்பால் பறந்தன. லொறி மண்ணைக் கொட்டிவிட்டுப் போனதும் இருவரும் ஆளுக்கொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினார்கள்.