வடக்குச் சுவரின் ஈரம்

...ஆனால் இவ்வளவு கனம் எப்படி இவ்வளவு அமைதியாக நிற்கிறது, எமில் உள்ளங்கையைக் கல்லில் வைத்தபடியே நின்றான், பச்சை மணற்கல், மழை நாளில் பாசிக் குளத்தின் நிறம், வெயில் பட்டால் பழைய பித்தளை... வேலைக்கு வந்தவன் வியந்துகொண்டு நிற்கக்கூடாது, ஈரம் அளக்கும் கருவியை எடுக்கவேண்டும், எடுத்தான், எடுத்த கை அப்படியே நின்றது. யன்னல் குழியே ஒரு சின்ன அறை அளவு ஆழம். அதன் இரு பக்கமும் கல்லிலேயே இருக்கை, எதிரெதிரே, இரண்டு பேர் முழங்கால் முட்ட உட்கார்ந்து வயலைப் பார்க்கலாம், நானூறு வருடமாக யார் யாரோ உட்கார்ந்து கல்லின் நடு குழிந்திருந்தது, ஒரு பக்கத்து இருக்கை கூடுதலாக, மறுபக்கம் குறைய. ஏன்? ஒருவர் போன பிறகும் மற்றவர் வந்து உட்கார்ந்திருப்பாரோ... மனைவி லாராவிடம் சொன்னால் சிரிப்பாள், கட்டடப் பொறியியல் படித்துவிட்டுக் கதிரைக்குக் கதை கட்டுகிறாய் என்பாள், என்பாளா, இப்போது அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவனே எழுதிக்கொள்கிறான்.

"எமில் அண்ணை, கல்லோட கதைச்சு முடிஞ்சுதோ?" ஏணியில் நின்ற மிதுஷன் கேட்டான். டோர்ட்மண்ட் அலுவலகத்தில் அவனோடு தமிழில் பேசும் ஒரே ஆள், இந்த நாட்டிலேயே, ஹம் நகரில் பிறந்தவன். "பாதுகாக்கப்பட்ட கட்டடமாம். ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் அன்ட்ராக் எண்டு விண்ணப்பம் போடவேணும். நான் கலியாணம் கட்டேக்குள்ள கூட இவ்வளவு பேப்பர் கேக்கேல்லை." மற்றவர்கள் எமிலோடு பேசும்போது கலியாணம் என்ற சொல்லைச் சுற்றிப் போவார்கள், இவன் நேரே மிதித்துவிட்டுப் பிறகு முழிப்பான், முழித்தான். பரவாயில்லையடா என்றான் எமில், உண்மையாகவே பரவாயில்லை, அதுதான் பயமாக இருந்தது, ஒன்றும் உறைப்பதில்லை, லாராவின் தலைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று வைத்தியர் சொன்னபோதுகூட அவருடைய சட்டைப்பையில் மை கசிந்திருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தச் சுவர் மட்டும் ஏன் உறைக்கிறது... கதவுக்கு மேலே நீளமாக ஒரே கல், பார்த்தால் அதுதான் வீட்டைத் தாங்குவது போல, இல்லை, அதற்கும் மேலே, சுவரோடு சுவராக, மெல்லிய கற்களை நிமிர்த்தி அடுக்கிய ஒரு வளைவு ஒளிந்திருக்கிறது, மாடியின் கனம் முழுவதையும் அது வாங்கி இரண்டு பக்கமும் இறக்கிவிடுகிறது, கீழே உள்ள கல் தன்னை மட்டும் தாங்கினால் போதும். யார் யோசித்தது? உள்ளே ஒரு சுவர், வெளியே ஒரு சுவர், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்பும், இரண்டும் பிரிந்து போகாமல் அங்கங்கே ஒரு நீளக் கல் குறுக்கே போய் இரண்டையும் பிடித்திருக்கிறது. அந்தக் கல்லை உருவினால்... வேண்டாம்.

வீட்டுக்காரி திருமதி கோர்டெஸ் கோப்பியோடு வந்து வடக்குச் சுவரைக் காட்டினாள், உட்பக்கம் தொட்டால் கை நனைந்தது, வெளிப்பக்கம் பச்சைக் கல் வெங்காயத் தோல் போல உரிந்துகொண்டிருந்தது. நானூறு வருடம் ஒன்றுமில்லை, என் காலத்தில் மட்டும் ஏன், என்று கேட்டாள். கல் இடுக்குகளைப் பார்த்தவுடனேயே எமிலுக்கு விளங்கிவிட்டது, சீமெந்து. அப்பா பூசியது, என்றாள், மழை உள்ளே வரக்கூடாதென்று ஒரு கோடை முழுக்க ஏணியில் நின்று பூசினார். எமில் அவளுக்கு விளக்கினான், சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, மழையை உள்ளே விடும், வெயில் வந்தால் வெளியே விடும், சீமெந்து கல்லைவிடக் கடினம், வந்த ஈரம் போக வழியில்லாமல் கல்லையே உடைத்துக்கொண்டு போகிறது... உங்கள் அப்பா வீட்டைக் காப்பாற்றத்தான் பார்த்தார், என்றும் சொன்னான், சொல்லும்போதே குரல் யாருடையதோ போலிருந்தது.

ஏனென்றால் அவன் வீட்டுப் படுக்கையறை யன்னல். லாராவின் செத்தவீட்டுக்கு பீலெஃபெல்டிலிருந்து வந்த மாமி, அவளுடைய அம்மா, முப்பத்தோராம் நாள் பூசை வரை அந்த அறையில் படுத்தார், எமில் சோபாவில், மாமி போன அன்று கட்டிலில் குனிந்தான், தலையணையில் எண்ணெய் மணம், லாராவின் மணம், உடனே யன்னலைப் பூட்டினான், கதவையும். பனிக்காலம் முழுக்கத் திறக்கவில்லை, அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் கறுப்பாக ஏறியது, வீட்டுக்காரன் கத்தினான், ஊரெல்லாம் போய் யன்னலைத் திறவுங்கோ என்று அறிக்கை எழுதுகிறவன் வீட்டில் பூஞ்சணம், சிரிக்கலாம். அவளுடைய சீலைகளை எடுக்க வாறன் என்று மாமி மூன்று தரம் கேட்டுவிட்டார், மூன்று தரமும் ஏலாது என்றான், கதவைத் திறந்தால் மணம் போய்விடும், அது போனால் அவளிடம் மிச்சம் எது...

தொலைபேசி அதிர்ந்தது. மாமி பிளோறன்ஸ்தான். "தம்பி, வேலையோ? ஞாயிறு நானும் மாமாவும் வரட்டே? ஆண்டுப் பூசைக்கு முதல் அந்தச் சீலையளை எடுத்துக் குடுத்திட்டால் நல்லம், பூஞ்சணம் பிடிச்சால் ஒருத்தருக்கும் உதவாது." அவன் வடக்குச் சுவரின் யன்னல் குழியில் உட்கார்ந்தான், குறையக் குழிந்த பக்கத்தில். ஏலாது என்றுதான் வாய் திறந்தது, வந்தது வேறு: "மாமி, லாரா தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறவள்?"

"அவளோ?" மாமி சிரித்தே விட்டார். "அவள் எந்தக் காலத்தில எண்ணெய் வைச்சவள் ராசா? சின்னனிலையே சண்டை. மணக்குது அம்மா, தள்ளிப் படுங்கோ எண்டுவாள். நான்தான் இண்டைக்கும் வைக்கிறனான்... ஏன் கேக்கிறாய்?"

வெளியே டொக், டொக் என்று மிதுஷன் ஓரிடத்தில் மட்டும் சீமெந்தைக் கொத்திக்கொண்டிருந்தான், அதற்கு மட்டும் அனுமதி. பனிக்காலம் முழுக்க எதைப் பூட்டிவைத்தேன்... மாமியின் மணத்தை, அழுது அழுது அந்தத் தலையணையில் கிடந்த ஒரு தாயின் தலை எண்ணெயை. அப்படியென்றால் லாராவின் மணம் எது? கண்ணை மூடித் தேடினான், ஷாம்பு, மழைக்கோட்டு, காலைத் தேத்தண்ணி, ஒன்றும் நிற்கவில்லை, கல்லின் ஈர மணம்தான் வந்தது.

"அண்ணை, வந்து பாருங்கோ," மிதுஷன் கத்தினான், "திறந்த உடனேயே ஈரம் வெளியில வருது."

"தம்பி? கேக்குதோ?"

"கேக்குது மாமி," என்றான். "ஞாயிறு வாங்கோ." நாக்கில் ஏதோ உறைத்தது, கோப்பியாக இருக்கலாம். அவர்கள் வருவதற்கு முதலே யன்னலைத் திறந்துவிடுவதா, வந்த பிறகா... அல்லது அந்தத் தலையணையை மட்டும் அப்படியே வைத்திருக்கலாமா, மாமியும் ஒரு நாள் போய்விடுவார்... இடது கை கல்லிலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தான், நனைந்திருந்தது, எது கல்லின் ஈரம், எது கையின் ஈரம் என்று தெரியவில்லை.