சரியான விடை எழுதியவர்கள்

வியாழக்கிழமை வந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. தபால் பதினோரு மணிக்குத்தான் வரும் என்று தெரிந்தும் ஒன்பதரையிலிருந்தே மாடிப்படியை எட்டிப் பார்ப்பாள், வந்து உட்காருவாள், சீவிய பென்சிலையே மறுபடி சீவுவாள். அந்த வார இதழில் பிழை திருத்துவதுதான் அவளுக்குச் சம்பளம் தரும் வேலை. அவள் உயிரை வைத்திருப்பதோ கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்துப் புதிரில். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே புதிரக்கா.

புதிரக்காவின் குறிப்புகள் லேசில் பிடி கொடுக்காது. 'ஆற்றின் மேல் கட்டுவது' என்று போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பாலம் என்று சொல்லிவிடும். அவளுக்கு அது கேவலம். 'பாதையின் முதலும், முதல் போன நிலமும் சேர்ந்தால் ஆற்றைக் கடக்கலாம்' என்றுதான் எழுதுவாள். பாதையின் முதல் எழுத்து பா, நிலத்தில் முதல் எழுத்து போனால் லம். சொன்ன பிறகு, ப்பூ இவ்வளவுதானா என்றிருக்கும். சொல்வதற்குள் மனிதனுக்குத் தலைமுடி கொட்டிவிடும்.

ஆறு மாதத்துக்கு முன்பு ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வாரத்துக்குப் பத்து பேராவது சரியா எழுதணும்மா. இல்லைன்னா அந்தப் பக்கத்தை விளம்பரத்துக்குக் குடுத்துடுவேன். இந்த வாரம் வந்தது ஒண்ணே ஒண்ணு."

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஆனால் அடுத்த வாரமே பதினொன்று வந்தது. அதற்கடுத்து பன்னிரண்டு, பத்து, பதின்மூன்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? வாசகர்கள் கடைசியில் தன் வழிக்கு வந்துவிட்டார்கள் என்றே நம்பினாள். இப்படித் திடீரென்று எப்படி என்று அவள் ஒரு நாளும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. நல்லது நடக்கும்போது யார் கேட்கிறார்கள்?

இந்த வியாழனும் பதினொரு விடைகள் வந்தன. சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தாள். ஏழாவது குறுக்கில் முதல் ஆள் 'பாரம்' என்று எழுதியிருந்தார். அச்சான குறிப்புக்கு விடை பாலம். அடித்தாள். இரண்டாவது ஆளும் பாரம். மூன்றாவதும் பாரம். கடைசியில் எண்ணினால் ஒன்பது பேர் பாரம், இரண்டே பேர் பாலம்.

ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். "ஒன்பது பேருக்கு ஒரே தப்பு வருமா? உங்க குறிப்புலதாம்மா ஏதோ கோளாறு."

குறிப்பை மூன்று தடவை படித்தாள். ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. பாரம் அவளே எழுதிய விடை. வீட்டில் எழுதிய தாளில் 'பாதையின் முதலும், முதல் போன மரமும் சேர்ந்தால் தூக்க முடியாது' என்றுதான் இருந்தது. அந்தச் சொல் போன மாதமே வந்துவிட்டது என்று அச்சுக்குப் போகிற அன்று ஞாபகம் வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து மாற்றினாள். பழைய தாளை இந்த உலகத்தில் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவர், "படிச்சுப் பாக்குறேன், குடு" என்று வாராவாரம் விடையோடு வாங்கிக்கொண்டு கடைக்குப் போகிற அவள் புருஷன்.

ஆனால் ஒன்பதும் ஒன்பது கையெழுத்து. அதுதான் புரியவில்லை. அரை மணி அனுமதி கேட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நடந்தாள். நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது.

கடையில் ஒரு பருத்த மனிதர் புதுக் கண்ணாடியோடு அவர்கள் இதழின் கடைசிப் பக்கத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். புருஷன் பக்கத்தில் நின்றார்.

"இந்தத் தாளைப் பாத்து அந்தக் கட்டத்துல எழுதுங்க சார். எழுத்து கோட்டைத் தாண்டாம நின்னா கண்ணாடி சரின்னு அர்த்தம். அப்படியே கீழ பேரு, விலாசம்."

கையும் களவுமாக என்பது இதுதான். அவளைப் பார்த்ததும் புருஷனின் முகம் வெளுத்தது. பருத்தவர், "ரொம்பத் தெளிவா இருக்குங்க" என்று காசைக் கொடுத்துவிட்டு ஒன்றும் அறியாமல் போனார்.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"ஆறு மாசமா. நானே உறையில போட்டு அனுப்பிடுவேன். ஒரு டெய்லருக்குப் பரிசுப் புத்தகம்கூட வந்துடுச்சு. ஏன் வந்துச்சுன்னு என்கிட்டயே வந்து கேக்குறாரு."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "என் மானத்தை வாங்கிட்டீங்களே!"

"நீ அன்னைக்குச் சாப்பிடாம படுத்த. எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் இதுதான்."

"குறிப்பை ஒரு தடவை படிச்சிருந்தாலே பாரம் வராதுன்னு தெரிஞ்சிருக்குமே!"

"படிச்சேனே. எல்லா வாரமும் படிக்கிறேன். ஒண்ணும் புரியறதில்ல. இது எப்படின்னு ஒரு தடவையாவது எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கியா?"

விடுவிடுவென்று திரும்பி வந்துவிட்டாள். முதல் தெருவெல்லாம் அவர் மேல் கோபம், தெரு திரும்பியதும் தன் மேலேயே கோபம்.

ஆசிரியர் காத்திருந்தார். "ஒண்ணு பண்ணலாம்மா. ரெண்டு விடையும் சரின்னு போட்டுடுவோம். பதினொண்ணு ஆயிடும். உங்க பக்கமும் தப்பிச்சுடும்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்ல சார். ரெண்டுதான். ஆறு மாசமாவே அவ்வளவுதான் இருந்திருக்கும்" என்று நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். ஆசிரியர் அடுத்த வாரத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார்.

கடைசிப் புதிரின் தாள் கண்ணாடிக்கடைக்குப் போகவில்லை. அவரும் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போதுகூட இருவரும் தட்டைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள்.

அந்தப் புதிருக்கு வியாழனன்று ஐந்து உறைகள் வந்தன. நான்கு சரி. ஐந்தாவதைப் பிரித்ததும் கை நின்றது. கண்ணாடி உறைகளின் மேல் எண் எழுதுகிற அதே கோணல் கையெழுத்து. இருபதில் பதின்மூன்று காலி. நான்கு தப்பு, அடித்து அடித்து எழுதியது. மூன்று சரி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு.

'ஆசிரியர் அவர்களுக்கு, மூன்றாவது நெடுக்கைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. கிடைத்ததும் கடையில் சத்தம் போட்டுவிட்டேன். இதைப் புதிர் எழுதுபவரிடம் தெரிவிக்கவும்.'

சிவப்புப் பென்சிலால் நான்கு தப்பையும் அடித்தாள். விதி விதிதான். சரியான விடை எழுதியவர்கள் பட்டியலில் நான்கு பேரை எழுதிவிட்டு, அவருடையதைத் தவறான விடைகளின் கட்டில் சேர்த்தாள். சேர்த்த கையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

"என்னாச்சு புதிரக்கா?" என்று பக்கத்து மேசையிலிருந்து கேட்டார்கள்.

"ஒருத்தர் மூணு கண்டுபிடிச்சிருக்காரு" என்றாள்.