மூன்றாம் ஓலை

எனக்கு இரண்டாம் கல்யாணம் என்று ஊருக்குத் தெரிந்தபோது கோயில் பூட்டியிருந்தது. ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று. திறந்திருந்தால் ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் கும்பல் கும்பலாக நின்று என்னைப் பற்றிப் பேசியிருப்பார்கள். கொரோனா புண்ணியத்தில் அவரவர் வீட்டிலிருந்து போனில் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழவில்லை.

என் பெயர் சுகிர்தா. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் தேவராஜ் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் ஷோபனா சென்னையில் நர்ஸ். கொரோனா வார்டில் போட்டிருந்தார்கள். நான் கட்டிக்கொள்ளச் சம்மதித்த மனிதர் எங்கள் சபையைச் சேர்ந்த லைன்மேன் நெடுஞ்செழியன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் யோசுவா. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கஜா புயலில் கம்பமெல்லாம் சாய்ந்து ஊரே இருட்டில் கிடந்தபோது, பக்கத்துத் தெருவுக்கு வந்த கரண்ட் எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று அவரை வழிமறித்துக் கத்தினேன். பள்ளிக்கூடத்தில் கத்திப் பழகிய தொண்டை. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "டீச்சர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. சம்சாரத்தை இழந்து, பிள்ளைகுட்டி இல்லாமல், பல வருஷமாகத் தானே பொங்கித் தின்ற மனிதர். இப்போதும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

ஷோபனாவிடம் விஷயத்தைப் போனில் சொன்னேன். நேரில் சொல்ல வழியில்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். அவள் "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் அப்பா செல்லம். அவர் இறந்த அன்று அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று கிடந்தவள். அந்தப் போனுக்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் "டூட்டிம்மா", "தூங்கப் போறேம்மா" என்று இரண்டே பதில்தான் வந்தது.

நெடுஞ்செழியனிடம் தீர்மானமாகச் சொன்னேன். "எம்பொண்ணு வாயிலேர்ந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை வந்துட்டா, இந்தப் பேச்சை அதோட விட்டுடணும். வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்படுவேன் டீச்சர். ஆனா விட்டுடுறேன்" என்றார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். பனையோலை போய்க் காகிதம் வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, பெயர் மட்டும் ஓலை. பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் பீடத்தின் முன் நின்று இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார். சபை மொத்தமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். அந்த மௌனம்தான் சம்மதம்.

இப்போது ஆராதனை ஜூமில் நடந்தது. முதல் வாரத்திலேயே யார் வீட்டு ஆடோ ஜெபத்தின் நடுவில் கத்தியதால், ஐயரின் மனைவி ஐயரம்மா எல்லோரையும் மியூட்டில் போட்டுவிட்டார். ஐயரும் பாட்டுக்காரரும் மட்டும் பேசலாம். என் ஓலை என்று வந்ததும் சபை மூப்பர் வேதமாணிக்கம் ஐயருக்குப் போன் போட்டார். அவர் எதிலும் ஒரு கொக்கி போடாமல் விடமாட்டார்.

"எல்லார் வாயையும் அடைச்சுப்புட்டு, தடை உண்டான்னு கேட்டா, அது என்னங்க ஐயா ஓலை?"

எங்கள் ஐயர் சின்ன வயசுக்காரர். எதையும் முறைப்படி செய்யாவிட்டால் தூக்கம் வராது. யோசித்துப் பார்த்து மூப்பர் சொல்வதுதான் சரி என்றார். ஓலை வாசிக்கும்போது மட்டும் அத்தனை பேருடைய மைக்கும் திறந்திருக்க வேண்டும் என்று வாட்ஸாப்பில் அறிவிப்பு வந்தது.

முதல் ஞாயிறு போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம், முகமில்லாமல் ஷோபனா என்ற பெயர் மட்டும்.

ஓலை நேரம் வந்தது. மைக்குகள் திறந்தன. அடேயப்பா! ஒரு வீட்டில் குக்கர் விசில், ஒரு வீட்டில் டிவி, ஒரு வீட்டில் "தாழ்ப்பாளப் போடுடா, கோழி உள்ள வருது" என்ற சத்தம். அதற்கு நடுவில் ஐயர் குரலை உயர்த்தி வாசித்தார்.

"காலஞ்சென்ற தேவராஜ் அவர்களின் விதவை சுகிர்தா என்பவருக்கும், தபுதாரர் யோசுவா நெடுஞ்செழியன் என்பவருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம்."

"வேண்டாம்! வேண்டாம்!" என்றது ஒரு பெண் குரல்.

ஐயர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அவர் முகம் வெளுத்துப் போனது போனிலேயே தெரிந்தது. "தடை சொன்னது யாரு? பேரைச் சொல்லுங்க" என்றார்.

"வேண்டாம்னா கேக்குறியாடி? ஏற்கெனவே நாலு தின்னாச்சு. சட்னி மட்டும் ஊத்து" என்றது அதே குரல்.

பூவம்மாள் அக்கா. மருமகள் இட்லி வைத்திருக்கிறாள். சபை முழுவதும் சிரித்தது. மூப்பர்கூடச் சிரித்தார். பூவம்மாள் அக்காவுக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. நானும் சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிப் பார்த்தேன். ஷோபனாவின் கட்டத்தைக் காணவில்லை. எப்போது போனாள் என்று தெரியவில்லை.

இரண்டாம் ஞாயிறு ஆராதனை தொடங்கின கொஞ்ச நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரில் அணில் விழுந்து ஊரெங்கும் கரண்ட் போய்விட்டது. மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. தன் ஓலையைப் பாதியில் விட்டுவிட்டு, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறினார். ஐயர் குடியிருக்கும் குருமனையில் கரண்ட் வந்த பிறகுதான் ஐயர் ஓலை வாசித்தார். நெடுஞ்செழியன் கம்பத்தின்மேல் இருந்தபடியே சட்டைப்பையில் போனை வைத்துக் கேட்டதாகப் பிறகு சொன்னார். இவரைப் போய் எவளாவது வேண்டாம் என்பாளா?

ஆனால் அன்றைக்கு ஷோபனா வரவேயில்லை.

எனக்குப் பொறுமை கிடையாது. அன்று சாயங்காலமே கூப்பிட்டேன். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து குறுவை நடவு ஆரம்பித்திருந்தது. கொல்லைக்கு அப்பால் நடவுக்காரப் பெண்கள் கரையேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு நேராகக் கேட்டேன்.

"ஷோபி, ஒனக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடு. அவருகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருக்கேன். ஒரு வார்த்தை போதும். நிறுத்திடுறேன். ஒம்மேல கோவப்பட மாட்டேன்."

போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"என்னடி? இருக்கியா?"

"தடை இருந்தா ஐயர் கேக்குறப்ப சொல்லிக்கிறேம்மா" என்றாள். வைத்துவிட்டாள்.

அந்த வாரத்தை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளைகளுக்குப் போனில் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது பகுதியையும் தொகுதியையும் மாற்றிப் போட்டேன். அதை ஒரு பிள்ளையும் கண்டுபிடிக்கவில்லை, அது வேறு கவலை. நெடுஞ்செழியனிடம் ஷோபனா சொன்னதைச் சொன்னேன். "சரிங்க டீச்சர், கேட்டுப்போம்" என்றார். அந்த வாரம் அவர் தெருவில் கடந்து போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக விட்டார். ஆனால் நிறுத்தவில்லை. அவரை இழக்க எனக்கு மனமில்லை. அதை யாரிடமும் சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் ஒருத்தி தனக்கென்று ஒன்று வேண்டும் என்று சொன்னால் ஊர் மூக்கில் விரலை வைக்கும்.

மூன்றாம் ஞாயிறு நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஷோபனாவின் கட்டம் முதல் பாட்டிலேயே வந்துவிட்டது. அதே கறுப்பு. நெடுஞ்செழியன் சலவைச் சட்டையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, பரீட்சைக்கு வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார்.

மைக்குகள் திறந்தன. இந்த முறை சபை தேறியிருந்தது. விசில் இல்லை, டிவி இல்லை. பூவம்மாள் அக்கா வாயை முந்தானையால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கோயிலில் இருப்பது போலவே இருந்தது.

ஐயர் வாசித்தார். காலஞ்சென்ற தேவராஜ் அவர்களின் விதவை சுகிர்தா. தபுதாரர் யோசுவா நெடுஞ்செழியன். தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம்.

"தடை இருக்குங்க ஐயா."

என் மகளின் குரல்தான். கறுப்புக் கட்டம் விலகி முகம் தெரிந்தது. ஆஸ்பத்திரி விடுதி அறை, பின்னால் கொடியில் துணி. மூக்கின் மேலும் கன்னத்திலும் மாஸ்க் அழுத்திய தழும்பு. எவ்வளவு இளைத்துப் போயிருந்தாள்! முகம் காட்டி அவள் என்னோடு பேசி எத்தனை நாளாகிவிட்டது. தடை என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகும் நான் அந்தக் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயர் போனுக்குக் கிட்டே குனிந்தார். "நீ சுகிர்தா டீச்சர் பொண்ணுதானே? என்ன தடைன்னு சொல்லும்மா. பயப்படாத."

"அதைத்தாங்க ஐயா சொல்ல வந்தேன். நான் சுகிர்தா டீச்சர் பொண்ணு. இப்ப நீங்களே சொன்னீங்க. அந்த ஓலையில அது எங்க இருக்கு?"

ஐயர் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"மொத வாரம் கேட்டேன். காலஞ்சென்ற தேவராஜின் விதவைன்னு படிச்சீங்க. எங்கப்பா போயிட்டாங்க. சரி. ஆனா நான் எங்கயும் போகலையே. நான் உசுரோடதான இருக்கேன்?" கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு லைன கட் பண்ணிட்டுப் போயி அழுதேன். புதுசா ஒரு குடும்பம் வருது, அதுல எம்பேரையே காணோமேன்னு இருந்துச்சு. அதுக்குத்தாங்க ஐயா எனக்குக் கோவம். அம்மா கல்யாணம் பண்ணிக்கிறதுக்கு இல்ல."

நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாளும் அவள் அப்பாவுக்காகக் கோபப்படுகிறாள் என்றல்லவா நினைத்தேன்.

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எப்படி வாசிக்கணும்னு நீயே சொல்லும்மா."

"ஷோபனாவோட அம்மா சுகிர்தான்னு வாசிங்க. அப்படி வாசிச்சா எனக்குத் தடை இல்ல."

மூப்பர் வேதமாணிக்கம் கனைத்தார். போச்சு, கொக்கி வருகிறது என்று நினைத்தேன். "ஓலையில பிள்ளை பேரைச் சொல்லி வாசிக்கிற வழக்கம் நம்ம சபையில கிடையாது" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "ஜூமும்தான் வழக்கத்துல கிடையாது. வாசிங்க ஐயா."

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று நெடுஞ்செழியனின் குரல் வந்தது. மூன்று வாரத்தில் அவர் ஆராதனையில் பேசியது அதுதான் முதல் தடவை. "பாப்பா சொன்ன தடை நியாயம்தான். எம்பேருக்கு முன்னாடி தபுதாரர்னு இருக்கு, அதையும் எடுத்துடுங்க. சம்சாரத்தை இழந்தவன்னு அர்த்தம் தெரியாம எல்லாரும் என்னையப் பட்டாதாரரான்னு கேக்குறாங்க."

ஷோபனா சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "ஷோபனாவின் தாயாராகிய சுகிர்தா என்பவருக்கும், யோசுவா நெடுஞ்செழியன் என்பவருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. தடை உண்டா?"

யாரும் பேசவில்லை. பூவம்மாள் அக்கா மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது. இது மூன்றாம் ஓலை என்று ஐயர் முடித்தார். ஐயரம்மா எல்லோரையும் மியூட்டில் போட்டார். பிரசங்கம் ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. ஷோபனா. பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போவது பெரிய தப்பு என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஐயரை அப்படியே விட்டுவிட்டு அவள் போனை எடுத்தேன். அழுகைதான் வந்தது.

"அம்மா."

"ம்."

"இன்னும் கொஞ்ச நேரத்துல வார்டுக்குள்ள போகணும். அந்தக் கவசத்தைப் போட்டுட்டா, டூட்டி முடியிற வரைக்கும் கண்ணைத் தொடைக்க முடியாதும்மா."

"சரிடி. அழல. நீயும் அழாத."

"இல்லம்மா" என்றாள். "இப்பவே அழுது முடிச்சிடுவோம்."

அப்படியே செய்தோம்.