கணவாயில் மூட்டம்

ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் கட்டிலருகே மண்டியிட்டு, ஒரு கையால் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஜிப்பை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாள். இரண்டு ஸ்லீப்பிங் பேக்குகள். ஓரங்களைச் சேர்த்து ஜிப் போட்டால் இருவரும் படுக்கிற ஒரே பையாகிவிடும். அப்படிச் சேரும் ஜோடிதான் வேண்டுமென்று கடைகடையாய் ஏறி இறங்கி வாங்கியவை. ஒன்றில் அவர் இருந்தார். மற்றது, அவள் விடியற்காலையில் எழுந்து வந்த மடிப்போடு அப்படியே கிடந்தது.

விடுதிக்கார அம்மாள் வாசலில் கத்தரிக்கோலோடு நின்றாள். ஜீப் வந்துவிடும், வெட்டிவிடலாமா என்று கேட்டாள். அவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு ஒரு சோப்புத் துண்டு கேட்டாள். அதை ஜிப்பின் பற்களில் நிதானமாகத் தேய்த்தாள். இதெல்லாம் அவர் பார்க்கிற வேலை. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். சிக்கிக்கொண்ட எதையும் நாலு வார்த்தை திட்டாமல் தொட மாட்டார். திட்டாமலே ஜிப் வழிக்கு வந்தது. இரண்டு பைகளும் தனித்தனியாயின.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நரம்பு தேடியே தலை நரைத்தவள். காலையில் அவர் மணிக்கட்டைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. இருந்தும் கழுத்தில் தேடினாள், மறுபடி மணிக்கட்டில் தேடினாள். 'டாக்டரம்மா' என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார். டாக்டரம்மா ஒட்டிப் படுத்திருந்தும் ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. ஊர் மருந்தகத்திலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, இதயம்தான், தூக்கத்திலேயே போயிருக்கிறார், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றார். அவரும் வேறு என்னதான் சொல்வார்.

கொழுந்தன் போனில் அழுது முடித்தபிறகு காரியத்துக்கு வந்தான்.

"அண்ணனை எதுக்கு அண்ணி மலைமேல கொண்டு போறீங்க? நேரா கீழ இறக்கிடுங்க."

"கீழ பாலம் இல்ல தம்பி. நாங்க வந்த மறுநாளே ஆத்துல போயிடுச்சு. கணவாய் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாத்தான் வர முடியும்."

அவன் மூக்கைச் சிந்தினான். பிறகு, "நினைச்சத நடத்திக்கிட்டாரு" என்றான்.

நினைத்ததுதான். இந்தக் கணவாய்க்காக முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பியது இது மூன்றாவது தடவை. முதல் தடவை பனி விழுந்து பாதையை மூடிவிட்டார்கள். அடுத்த தடவை இதே ஊரில் அவளுக்குக் காய்ச்சல். மலை எங்கே ஓடிவிடப் போகிறது, உடம்பைப் பார் என்று சொல்லித் திரும்ப அழைத்துப் போனார். சொந்தக்காரர்கள், பேரன் பேத்தி இல்லாததால்தான் கிழவனுக்கும் கிழவிக்கும் கால் தரையில் நிற்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அது பாதி உண்மை. மீதி, அவரோடு கிளம்பிப் போகிற சுகம். ஊரில் அவர் சாதாரணமாகத்தான் இருப்பார். பஸ் மலையேறத் தொடங்கியதும் அவளுக்கு மறுபடி மாப்பிள்ளையாகிவிடுவார்.

ஜீப்பில் உருளைக்கிழங்கு மூட்டைகளை ஓரமாக ஒதுக்கி நடுவில் இடம் செய்திருந்தார்கள். கம்பளித் தொப்பி போட்ட டிரைவர் முன்சீட்டைத் துடைத்துக் காட்டினார். அவள் பின்னாலேயே ஏறிக்கொண்டாள். ஏறியதும் தார்ப்பாயை எல்லாப் பக்கமும் இறக்கிக் கட்டச் சொன்னாள். குளிரும் என்பதால் அல்ல. வெளியே பார்க்கக் கூடாதென்று முடிவு செய்திருந்தாள். அவர் பார்க்காத கணவாயைத் தான் மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதை நினைத்தாலே அவளுக்கு ஆறவில்லை.

ஏனென்றால் அவர் எதையும் விட்டுவிடப் பொறுக்காத மனிதர். ஒரு தடவை மலைப்பாதை பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எதிர்ப் பாறையில் காட்டாடுகள் கூட்டமாக ஏறிப்போயின. அசந்து தூங்குகிறாரே என்று அவள் எழுப்பவில்லை. டீ குடிக்க இறங்கியபோது வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள்.

"எழுப்பக் கூடாதா? நான் இங்க தூங்கவா வந்தேன்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்தான், மறுநாள் வரை இறக்கவில்லை. அவள் பாறையைப் பார்க்கும்போதெல்லாம் அவரும் பாறையைப் பார்த்தார். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

வளைவுக்கு வளைவு அவர் நழுவப் பார்த்தார். அவள் அவர் நெஞ்சின்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். காது அடைத்தது. தலை வலித்தது. தண்ணீர் குடி, குடி என்று உயிரை வாங்க ஆள் இல்லை. தானே பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

வண்டி நின்றது. என்ஜின் கொதிக்கிறது, ஆறட்டும் என்று டிரைவர் முன்னாலிருந்து குரல் கொடுத்தார். பிறகு தயங்கி, "இதான்மா கணவாய். இறங்கிப் பாக்கறீங்களா?" என்றார்.

இல்லை என்றாள். தார்ப்பாயின் கிழிசல் வழியாக வெளிச்சம் வந்து மூட்டைகளின் மேல் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. எத்தனை வருஷத்து ஆசை. அது போகவில்லை, அவர் போனபிறகும் போகவில்லை. அதை நினைத்து வெட்கமாக இருந்தது. ஒரு நிமிஷம் என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தார்ப்பாயை விலக்கி இறங்கினாள்.

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. சிகரத்துக்குப் பின்னால் சிகரமாக, கண் போகிற தூரம் வரை வெள்ளை. கீழே அகலமான பள்ளத்தாக்கு, அதில் பல கிளையாகப் பிரிந்து ஓடும் ஆறு, ஆற்றின் நடுவே பச்சை பச்சையாய்த் திட்டுகள். அவர் சொல்லிச் சொல்லி அவள் மனதில் வைத்திருந்ததெல்லாம் இதற்கு உறை போடக் காணாது.

"ஏங்க, இங்க பாருங்க" என்று வாய் தன்போக்கில் சொல்லிவிட்டது. பக்கத்தில் திரும்பினாள். டிரைவர் பானெட்டைப் பிடித்தபடி குனிந்துகொண்டார்.

அவள் முகத்தைத் துடைத்தாள். மறுபடி ஏறி, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, பையின் கழுத்துச் சுருக்கைச் சரி செய்தாள்.

"ஒண்ணும் தெரியலங்க. ஒரே மூட்டம். நீங்க எதையும் விட்டுடல" என்றாள்.

பின்கதவைச் சாத்த வந்த டிரைவர் அப்படியே நின்றார். ஒருமுறை மலைகளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்தார்.

"ஆமா சார். இன்னைக்கு ஒரே மூட்டம்தான்."

கதவைச் சாத்திவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தார். எதிர்வெயிலில் கண் கூசியது. கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வண்டியை மெதுவாக இறக்கத்தில் விட்டார்.